உப்புக் காற்றும் ஊசி முனையும்

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளமுடையது. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று ஊர்களின் பெயர்களை மணி கோத்தாற்போலச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒரு பக்கத்தில் கடல் இரைந்துகொண்டிருக்கும். மறு பக்கத்தில் வயல் விரிந்து கிடக்கும். பள்ளிவாசலின் பாங்கொலி தேய்ந்து மறையுமுன் கோயில் மணியோசை காதில் விழும். விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவும், சித்திரவேலாயுதர் எழுந்தருளியிருக்கும் திருக்கோவிலும், 1990களில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் கொண்ட ஒலுவிலும் இவ்வழியிலேயே உள்ளன. பொத்துவிலைத் தாண்டிச் சுமார் மூன்று கிலோமீற்றர் சென்றால் அறுகம்பே. ஊரார் அதனை உல்லை என்பர். அறுகம்குடா என்று எழுதுவாரும் உளர்.

அறுகம்பேயின் அலைகளை நாடி ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை உலகின் பல திசைகளிலிருந்தும் அலைச்சறுக்கு விளையாட்டினர் வந்து குவிகின்றனர். அவர்களைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் வாசகர் பலமுறை கண்டிருப்பர். கல்லூரி விடுமுறையில் நாம் அங்கு சென்றபோது எமது கருத்தை ஈர்த்தவை அக்கரையோரத்துப் பழைய மோட்டார் சைக்கிள்கள். மீன்பெட்டி கட்டிய ஒன்று, நெல்மூடை ஏற்றிய ஒன்று, வெள்ளைச் சட்டை அணிந்த ஆசிரியர் ஒருவரைத் தாங்கிச் சென்ற ஒன்று என அவை எங்கும் ஓடுகின்றன. சிலவற்றின் வயது அவற்றை ஓட்டுபவரின் வயதினும் அதிகம்.

பழையதைப் பேணும் காரணம்

பிரித்தானியர் காலத்திலும் அதற்குப் பின்னரும் பீ.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன் முதலிய ஆங்கில வண்டிகளே இலங்கைச் சாலைகளில் மதிப்புப் பெற்றிருந்தன. பின்னர் ஜப்பானிய வண்டிகள் வந்தன. ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘சுப்பர் கப்’ என்னும் சிறு வண்டியின் வரிசையில் 2017ஆம் ஆண்டளவில் 10 கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன என்றால் அதன் செல்வாக்கை ஊகித்துக்கொள்ளலாம். அதன் வழிவந்த 50, 70, 90 சீ.சீ. வண்டிகளும், ‘பென்லி’, ‘ரோட்மாஸ்டர்’ என்னும் பெயர்களைத் தாங்கிய 125, 200 சீ.சீ. வண்டிகளும் எமது நாட்டில் இன்றும் அன்போடு பேணப்படுகின்றன. கடலுக்கு அப்பால் சென்னையில் 1955இல் தொடங்கிய என்பீல்ட் தொழிற்சாலையின் ‘புல்லட்’டை அறியாதார் தமிழரில் இலர்.

இவற்றைப் பேணுவது செல்வரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் கிழக்கிலங்கைக்கு வந்து பார்த்தல் நன்று. 2020ஆம் ஆண்டு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே தளர்ந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டியின் விலையே பலருக்கு எட்டாக்கனியாயிற்று. கையில் உள்ள வண்டியை ஓடச் செய்வதைத் தவிர மீனவருக்கும் கமக்காரருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் பெற்றோல் பஞ்சத்தை எவரும் மறந்திரார். அவ்வாண்டு அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே. அந்நாளில் ஒரு துளி கசிந்தாலும் அது குடும்பத்தின் இழப்பாயிற்று. பெற்றோலை அளந்து கொடுக்கும் அந்தச் சிறு கருவியின் அருமையை அப்போது பலரும் உணர்ந்தனர். அக்கருவியே காபரேற்றர்.

கருவியின் வேலை

மாணவர் பொருட்டு அதன் வேலையைச் சுருக்கமாகக் கூறுவோம். பெற்றோல் நீர்மமாக இருக்கும்போது எஞ்சினுள் ஒழுங்காக எரியாது. காற்றுடன் கலந்து புகைபோல் நுண்டுளியாக வேண்டும். நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்பது கணக்கு. ஜேர்மானியப் பொறியியலாளர் மேபாக் 1893இல் ஆக்கிய தெளிப்புக் காபரேற்றரின் தத்துவம் இன்றளவும் மாறவில்லை. ஒடுங்கிய குழாயினூடே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. அக்குறைவு கீழேயுள்ள சிறு துளையினூடே பெற்றோலை உறிஞ்சி எடுக்கிறது. அத்துளை உள்ள பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர்.

ஜெட்டுக்குக் கீழே ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதிலுள்ள பெற்றோலின் மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். நீர்த்தொட்டியில் மிதவை எழுந்து குழாயை அடைப்பதுபோல, இங்கும் ஒரு மிதவை எழுந்து கூரிய முனையுடைய ஊசியொன்றை மேலே தள்ளி வழியை அடைக்கிறது. மெக்கானிக்குகள் அதனை நீடில் வால்வு என்பர். வேகத்தைக் கூட்டக் கைப்பிடியைத் திருகும்போது மேலெழுவது சிலைட்; அதன் நடுவிலிருந்து தொங்கும் நீண்ட கூம்பு ஊசி ஜெட் நீடில். இவற்றோடு சில ஓ ரிங், சில காஸ்கெற். அவ்வளவே. உள்ளங்கையில் அடங்கும் இத்துண்டுகளைச் சேர்த்து ஒரு சிறு பொதியாகக் கடையில் விற்கின்றனர். அதற்கு ‘ரிப்பேர் கிற்’ என்று பெயர். ஒரே வண்டிக்குரிய பொதிகளிலும் சிலவற்றுக்கும் வேறு சிலவற்றுக்கும் விலையில் பன்மடங்கு வேறுபாடு உண்டு. எதை வாங்குவது என்பதே இங்கு எழும் வினா.

கோமாரிக்கு அப்பால்

எம்முடன் வந்த நண்பர் எழுபதுகளில் செய்யப்பட்ட 90 சீ.சீ. ஹொண்டா ஒன்றை அண்மையில் வாங்கியிருந்தார். அதனை விற்றவர் காபரேற்றருக்குப் புதிய பாகங்கள் போட்டிருப்பதாகப் பெருமையுடன் கூறி, கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு தகரப் பேணியில் இட்டுக் கொடுத்திருந்தார். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை வண்டி குறையின்றி ஓடியது. கோமாரியைக் கடந்ததும் எஞ்சின் இருமத் தொடங்கிற்று. கறுத்த புகை எழுந்தது. பெற்றோல் வாடை மூக்கைத் துளைத்தது.

அப்பகுதி பற்றைக்காடு மண்டிய வெளி. மாலை ஐந்து மணி கடந்திருந்தது. அந்தி சாய்ந்தபின் யானைகள் சாலையைக் கடப்பதுண்டு என்பதை அவ்வழியே செல்வோர் அனைவரும் அறிவர். வண்டியை நிறுத்திப் பார்த்தபோது கிண்ணத்தின் வழிவுக் குழாயிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டிருந்தது. தாங்கியின் குழாயை அடைத்து, சிறிது தூரம் ஓடியபின் திறந்து, மீண்டும் அடைத்து, இவ்வாறு ஒருவாறாகப் பொத்துவிலை அடைந்து உல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே தென்னங்கீற்றுக் கொட்டகையொன்றில் ஒரு கராஜ் இருந்தது. அதன் உரிமையாளரான முஸ்லிம் பெரியவரை இளைஞர் யாவரும் ‘காக்கா’ என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

“பெற்றோல் வாடையோட ராவையில வேலை செய்யப்படாது சேர். விடியட்டும், பாப்பம்” என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாட் காலை கடற்காற்று வீசும் திறந்த வெளியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் காபரேற்றரைப் பிரித்தார்.

மூன்று பகைகள்

கிண்ணத்தின் அடியில் வெண்மையான மாப்போன்ற படிவு இருந்தது. அதனோடு நுண்மணலும் கலந்திருந்தது. காபரேற்றரின் உடல் பெரும்பாலும் நாக உலோகக் கலவையாலோ அலுமினியத்தாலோ வார்க்கப்படுவது. ஈரமும் உப்பும் சேர்ந்து அதனை அரிக்கும்போது எழுவதே இவ்வெண்பொடி. ஊசித்துளை போன்ற சிறு ஜெட்டை அடைப்பதற்கு அதில் ஒரு கடுகளவு போதும்.

கடற்கரை வண்டிக்கு உப்பு முதற்பகை. மணல் இரண்டாம் பகை. பாணமையையும் உகந்தை முருகன் ஆலயத்தையும் நோக்கிச் செல்லும் வழிகளில் எழும் புழுதி, காற்று வடிகட்டி இல்லாத வண்டியில் நேரே சிலைட்டைச் சென்று தேய்க்கும். வேகம் கூடும் என்று எண்ணி இளைஞர் சிலர் வடிகட்டியைக் கழற்றி எறிவதைக் காக்கா வருத்தத்துடன் குறிப்பிட்டார்.

மூன்றாம் பகை பழைய பெற்றோல். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் உல்லாசப் பயணிகள் போய்விடுவர். வாடகைக்கு விடும் வண்டிகள் மாதக்கணக்கில் மூலையில் நிற்கும். கிண்ணத்தில் தங்கிய பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகி ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும். மழைக்கு முன் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திப் பெற்றோலை வடித்துவிடுதல் ஐந்து நிமிட வேலை. அதனைச் செய்தவருக்கு அடுத்த சித்திரையில் கராஜுக்குப் போகும் தேவை பெரும்பாலும் ஏற்படாது.

காந்தம் காட்டிய உண்மை

காக்கா பிரதான ஜெட்டைக் கழற்றி எடுத்தார். பொன்போல் மின்னிய அதில் 75 என்ற இலக்கம் பொறித்திருந்தது. பழைய ஒலிபெருக்கியொன்றிலிருந்து எடுத்த காந்தத்தை அதன் அருகே கொண்டுசென்றதும் ஜெட் தாவி ஒட்டிக்கொண்டது. பித்தளையைக் காந்தம் கவராது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். மேலே மஞ்சள் முலாம் பூசிய இரும்புத் துண்டே பித்தளை என்று விற்கப்பட்டிருந்தது. கடற்காற்றில் அது துருவேறத் தொடங்கினால் துளையின் அளவு மாறுவதற்கு நீண்ட காலம் பிடிக்காது.

பின்னர் நண்பரின் தகரப் பேணியிலிருந்த பழைய ஜெட்டையும் இதனையும் இரு விரல்களிடையே பிடித்துச் சூரிய வெளிச்சத்தை நோக்கிக் காட்டினார். பழைய துளை கண்ணாடி விளிம்புபோல் வட்டமாகத் தெரிந்தது. புதியதன் துளையில் பிசிறு இருந்தது. அது சற்றே பெரிதாகவும் தோன்றிற்று. இரண்டிலும் ஒரே இலக்கம்!

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். கெய்ஹின் என்னும் ஜப்பானியக் காபரேற்றரில் 75 என்ற இலக்கம் துளையின் விட்டம் 0.75 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். அதற்குப் பதிலாக 0.80 மில்லிமீற்றர் துளை இருந்தால் வேறுபாடு ஒரு தலைமயிரின் தடிப்பளவே. ஆனால் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே பெற்றோல் செல்லும் வழி ஏறத்தாழ 14 விழுக்காடு பெரிதாகிவிடும். பிளக் கறுப்பதும், எரிபொருட் செலவு கூடுவதும், கரும்புகை எழுவதும் இதன் விளைவே. துளை சிறிதாகிவிட்டாலோ பிளக் வெளிறும். எஞ்சின் மிகச் சூடாகிப் பிஸ்ரன் இறுகிப் போகவும் கூடும். கேத்திர கணிதத்தால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இந்த ஜெட் நல்ல விடையாகும்.

மற்றொன்றையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். இலக்கத்தின் பொருள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றன்று. ஆங்கில வண்டிகளுக்குரிய அமால் காபரேற்றரில் ஜெட்டின் இலக்கம் துளையின் விட்டத்தைக் குறிப்பதில்லை. குறிப்பிட்ட நிலையில் ஒரு நிமிடத்தில் அதனூடே ஓடும் பெற்றோலை அது கன சென்றிமீற்றரில் கூறும். ஆகவே பீ.எஸ்.ஏ. வண்டிக்காரர் ஜப்பானிய ஜெட்டின் இலக்கத்தைப் பார்த்து ஒப்பிட்டு வாங்குவது, முழத்தையும் படியையும் ஒன்றென்று கொள்வதற்கு ஒப்பாகும்.

வீட்டு விறாந்தையில் ஓர் ஆபத்து

அடுத்து நீடில் வால்வைப் பார்த்தோம். அதன் இறப்பர் முனை ஊதி, நடுவில் வளையம்போல் ஒரு தழும்பு விழுந்திருந்தது. முதல் நாள் மாலை பெற்றோல் வழிந்ததன் காரணம் இதுவே. காபரேற்றரின் பாகங்கள் அனைத்திலும் குடும்பத்தவர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியது இந்த ஊசி முனையிலேதான் என்பது எமது கருத்து.

கிழக்கிலங்கையில் இரவானதும் மோட்டார் சைக்கிளை வீட்டு விறாந்தையில் ஏற்றி வைப்பது வழக்கம். தாங்கியின் குழாயை அடைக்க மறந்துவிட்டு, ஊசியும் சரியாக அடைக்கவில்லையெனில், மூன்று செக்கனுக்கு ஒரு துளி வீதம் சொட்டினாலும் விடியுமுன் கால் லீற்றருக்குக் குறையாத பெற்றோல் வெளியேறிவிடும். பெற்றோலின் ஆவி காற்றினும் கனமானது. அது மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து உள்ளறைக்கும் அடுப்படிக்கும் செல்லும். அதிகாலையில் தேநீருக்கு அடுப்பு மூட்டும் தாய்க்கு அங்கே என்ன காத்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வெளியே வழியாவிடினும், பெற்றோல் எஞ்சினுள் இறங்கி எண்ணெயைக் கெடுத்துவிடும் வண்டிகளும் உள. ஆகவே இந்த ஒரு பாகத்தில் மலிவைத் தேடுதல் ஆகாது.

ஊசியைத் தேர்வதெப்படி? முனை முழுவதும் உலோகமாக உள்ளதும் உண்டு. இறப்பர் முனையுள்ளதும் உண்டு. இறப்பர் எனின் அது எவ்வகை என்று கேட்க வேண்டும். நைட்ரைல் வகை பெற்றோலைத் தாங்கும். டியூபொன்ட் நிறுவனம் 1957இல் அறிமுகஞ் செய்த வைட்டன் வகை பெற்றோலோடு மதுசாரம் கலந்தாலும் எளிதில் ஊதாது. இங்கிலாந்தில் 2021 முதல் சாதாரண பெற்றோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கின்றனர். இந்தியாவில் அது 20 விழுக்காட்டை எட்டியுள்ளது. இந்நாடுகளில் வாழும் எமது வாசகர் பழைய வண்டிக்கு வைட்டன் முனையையே தேடுதல் நலம். ஊசி வந்து அமரும் பித்தளை இருக்கையைத் தனியே கழற்றக் கூடியதாயின் இரண்டையும் சோடியாக மாற்ற வேண்டும். தேய்ந்த இருக்கையில் புதிய ஊசி ஒருநாளும் சரியாக அமராது.

ஓ ரிங்கைச் சோதிக்க எளிய வழியொன்றைக் காக்கா கூறினார். பொதியிலுள்ள ஒன்றை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் சிறிது பெற்றோலில் இட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் இரண்டு நாள் வைத்து, எடுத்ததும் புதியதொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெகுவாகப் பருத்திருந்தாலோ, நகத்தால் அழுத்தும்போது பிய்ந்தாலோ அப்பொதியின் இறப்பர் எதையும் நம்பலாகாது. காஸ்கெற்றின் தடிப்பையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். இருக்கையின் கீழிடும் வளையம் தடித்துவிட்டால் ஊசி இறங்கி நிற்கும். கிண்ணத்தின் பெற்றோல் மட்டமும் மாறிவிடும்.

எதை மாற்றாதிருப்பது

இவ்வளவும் கூறியபின் காக்கா செய்த காரியம் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. அவர் புதிய ஜெட்டை ஒதுக்கிவிட்டு, தகரப் பேணியிலிருந்த பழைய கெய்ஹின் ஜெட்டையே எடுத்தார். மருந்து நீரில் ஊறவைத்து, மீன்பிடிக்கும் தங்கூசி நூலொன்றை அதன் துளையில் மெதுவாக இழுத்தார். காற்றழுத்தத்தால் ஊதினார். துளை பளிச்சென்று தெரிந்தது. கம்பியையோ தையலூசியையோ விட்டுக் கிண்டினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும் என்று எச்சரித்தார். கூம்பு ஊசியும் பழையதையே பூட்டினார். புதிதாகப் போட்டவை நீடில் வால்வு, ஓ ரிங், காஸ்கெற் ஆகிய மூன்றுமே.

“பொட்டியப் பாத்து வாங்கப்படாது சேர், சாமானப் பாத்து வாங்கணும். கழட்டினதை வீசவும் படாது. அளவு பாக்கிறதுக்கு அதுதான் நமக்கு அடிமட்டம்” என்றார் அவர்.

அவர் கூற்றில் ஆழ்ந்த நியாயம் உண்டு. பித்தளை ஜெட்டில் பெற்றோல் ஓடுவதால் மட்டும் ஏற்படும் தேய்மானம் மிகச் சிறிது. அடைப்பை நீக்கினால் அது நெடுங்காலம் உழைக்கும். இறப்பரும் காகிதமும் காலத்தால் அழிபவை. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். ஒன்றோடொன்று உராயும் பாகங்களான சிலைட்டும் கூம்பு ஊசியும் அவை செல்லும் துளையும் தேய்பவை. அவற்றைச் சோதித்துத் தேவையாயின் மாற்ற வேண்டும். இம்மூவகையையும் பிரித்தறிந்தவர் பொதி முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டமாட்டார்.

சிலைட்டின் தேய்மானத்துக்கு அமால் காபரேற்றர் நல்ல சான்று. பேர்மிங்ஹாமில் மூன்று நிறுவனங்கள் 1927இல் ஒன்றிணைந்து அமால் உருவாயிற்று. ஆங்கில மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அதனையே பூண்டிருந்தன. ஜப்பானின் மிக்குனி நிறுவனமும் அதன் உரிமம் பெற்றே சிலைட் வகைக் காபரேற்றர்களைச் செய்தது. 1967இல் வந்த அமாலின் ‘கொன்சென்ட்ரிக்’ வகையில் உடலும் சிலைட்டும் ஒரே நாகக் கலவை. ஒரே தன்மையான இரு மென்னுலோகங்கள் உராயின் இரண்டும் தேயும். சில வேளை சிலைட் இறுகிப் பிடித்து வேகம் குறையாமல் நின்றுவிடும். இன்று அமால் பாகங்களைச் செய்து வரும் இங்கிலாந்து நிறுவனம் மேற்பரப்பைக் கடினப்படுத்திய அலுமினியச் சிலைட்டையும் விற்கிறது. தேய்ந்த சிலைட்டை மாற்ற நேரும்போது விலை கூடினாலும் அதனைத் தேர்வதே அறிவுடைமை.

கடைத்தெருவில்

கொழும்பு மருதானைக்கு அருகிலுள்ள பஞ்சிகாவத்தையை அறியாத வாகனக்காரர் இலங்கையில் இலர். கழற்றிய பாகம், புதிய பாகம், போலிப் பாகம் மூன்றும் அங்கே ஒரே தெருவில் கிடைக்கும். கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய நகரங்களின் கடைகளுக்கும் பொருள்கள் பெரும்பாலும் தலைநகரின் வழியாகவே வருகின்றன. வாங்கச் செல்பவர் சில முறைகளைக் கைக்கொள்ளுதல் நன்று.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கலாகாது. காபரேற்றரின் உடலில் பொறித்த எழுத்தையும் இலக்கத்தையும் குறித்துச் செல்ல வேண்டும். ஒரே பெயருடைய வண்டிக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு காபரேற்றர்கள் பூட்டப்பட்டுள்ளன. கழற்றிய பழைய பாகத்தை ஒரு சிறு பேணியில் கொண்டு செல்ல வேண்டும். சட்டைப்பையில் ஒரு காந்தம் இருத்தல் வேண்டும். பொதியைத் திறந்து பார்க்க இடமளிக்காத கடையில் வாங்காதிருப்பதே மேல். ஜெட்டின் இலக்கம் கூர்மையாகப் பொறிக்கப்பட்டுள்ளதா, திருகின் புரி பிசிறின்றி உள்ளதா, துளை நடுவில் அமைந்துள்ளதா என்று வெளிச்சத்தில் நோக்க வேண்டும். எல்லாப் பாகமும் உள்ள மலிவுப் பொதியைவிட, நல்ல நீடில் வால்வும் நல்ல காஸ்கெற்றும் தனித்தனியாக வாங்குவது பல வேளைகளில் ஆதாயமானது.

பெட்டியில் அச்சிட்ட பெயர் மட்டும் துணை செய்யாது. கெய்ஹின் நிறுவனம் 2021இல் ஹிட்டாச்சி குழுமத்தின் புதிய நிறுவனமொன்றோடு இணைந்துவிட்டது. எனினும் அப்பெயர் பொறித்த பெட்டிகள் சந்தையில் இன்னும் உலவுகின்றன. அவற்றுள் பழைய சரக்கும் உண்டு, போலியும் உண்டு. பிரித்தறிய உதவுபவை எமது கண்ணும் காந்தமும் அளவுகோலுமே.

அறுகம்பேயின் களப்புக்குக் குறுக்கே நிற்கும் பாலம் 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் சிதைந்தது; அமெரிக்க உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. மறுநாள் அப்பாலத்தின் மீது பழைய ஹொண்டா சீராக ஓடிற்று. புகை இல்லை, வாடையும் இல்லை. கீழே களப்பில் மீனவர் ஒருவர் தமது வலையின் அறுந்த கண்களை மட்டும் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தார்.

விடுமுறையில் அறுகம்பே செல்லும் மாணவர்கள் அலைகளைக் கண்டு மகிழட்டும். திரும்பும் வழியில் ஒரு கராஜின் வாயிலிலும் கால் மணி நேரம் நின்று பார்க்கட்டும். பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் அங்கே ஒரு வெள்ளைத் துணியின்மேல் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் பெரியோர் இன்றிரவே அதன் பெற்றோல் குழாயை அடைத்துவிட்டு, வண்டியின் கீழே ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து வைத்துப் பார்ப்பாராக. பெற்றோல் காற்றில் உலர்ந்துவிடுமாயினும் அதன் கறை கடதாசியில் தங்கும். காலையில் அவ்வாறு கறை காணின், குழாயை அடைத்தபடியே வைத்து, வண்டியை விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறக்கிவிட்டு, நல்லதொரு நீடில் வால்வைத் தேடிப் புறப்படுதல் வேண்டும்.